இரண்டாம் தூண் மண்

என் மாமனார் ஏசுஅடிமை ஆற்றில் முங்கி மண் எடுக்கிற வேலை பார்த்தவர். இந்த ஒரு வரியை எழுத எனக்குப் பதின்மூன்று வருஷம் பிடித்திருக்கிறது. கேட்டவர்களிடமெல்லாம் மராமத்தில் மேஸ்திரி என்றே சொல்லிவந்தேன். அவரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார். ஆபீஸ் பதிவிலும் அப்படித்தான் இருந்தது. மேஸ்திரி என்றால் குடை பிடித்துக் கரையில் நின்று நாலு பேரை ஏவுகிறவர் என்று கேட்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நாங்கள் இருவரும் அவர்களை அப்படியே நினைக்க விட்டோம்.

அவருடைய ஊர் அருமனைக்குக் கிழக்கே, கைதையாற்றின் கரையில். ஆறு என்று பேர்தான். மாசி பங்குனியில் பல இடங்களில் ஆடுகூடக் கால் நனையாமல் தாண்டும்; பாலம் இருந்த பள்ளத்தில் மட்டும் ஆளுயரத் தண்ணீர் வற்றாது. வைகாசியில் இடவப்பாதி மழை பிடித்துவிட்டாலோ தென்னை மரங்கள் வேரோடு மிதந்து போகும். 1924 வெள்ளத்தில் அங்கிருந்த மரப்பாலம் போய்விட்டது. அந்த இடத்தில் கல்பாலம் கட்டுவதென்று முடிவாகி, தக்கலையிலிருந்து கிருஷ்ணமணி என்ற ஓவர்சியர் வந்தார்.

கிருஷ்ணமணி ஒரு மாதிரியான மனிதர். மற்ற ஓவர்சியர்கள் கல்லையும் சுண்ணாம்பையும் பற்றிப் பேசுவார்கள். இவர் மண்ணைப் பற்றியே பேசுவார். வெள்ளம் பாலத்தைத் தள்ளுவதில்லை, தூணின் காலடி மண்ணை அரித்துவிடுகிறது, பிறகு பாலம் தானே விழுகிறது என்பது அவர் கட்சி. தூண் நிற்கப்போகும் இடத்து மண் ஓடுகிற தண்ணீரை எவ்வளவு நேரம் தாங்கும் என்று முதலில் அளந்துவிட்டு, அதற்கேற்பத்தான் அஸ்திவாரம் எத்தனை அடி இறங்க வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும் என்பார். அதற்கு அவரே ஒரு ஏற்பாடும் செய்திருந்தார். மண்ணெண்ணெய்த் தகரத்தைச் சுருட்டி ஒரு சாண் நீளத்தில் ஒரு குழல். ஒரு ஆள் ஆற்றின் அடிக்குப் போய் அதை மண்ணுக்குள் இறக்கி, கீழ்வாயை உள்ளங்கையால் பொத்தி, உள்ளே இருக்கும் மண் கலையாமல் மேலே கொண்டுவர வேண்டும். கரையில் ஓலைக் கொட்டகைக்குள் ஒரு பலகை வாய்க்கால் இருந்தது. அதன் அடிப்பலகையில் ஒரு துளை. குழலைக் கீழிருந்து அந்தத் துளையில் செருகி, மண்ணை ஒரு விரற்கடை மேலே தள்ளி நிறுத்திவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். நீட்டிக்கொண்டிருக்கும் மண் கரைந்து பலகை மட்டத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் கணக்கு.

முங்கி எடுக்கிற ஆள் ஏசுஅடிமை. மூச்சடக்குவதில் அந்தப் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. நேரத்தை எண்ணுகிறவரும் சிலநாள் அவரே ஆனார். கிருஷ்ணமணியின் பைக்கடிகாரம் நின்றுபோய் ரிப்பேருக்குப் போயிருந்தபோது, எப்படி எண்ணுவது என்று ஓவர்சியர் முழித்திருக்கிறார். இவர் எங்கள் கிறிஸ்தவ சபையில் சொல்லுகிற பரமண்டல ஜெபத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டார். வாய்க்கால் பக்கத்தில் குத்தவைத்து, கண்ணை மண்ணில் வைத்துக்கொண்டு, ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராகச் சொல்வார். ஒவ்வொரு ஆமெனுக்கும் ஒரு கூழாங்கல்லை எடுத்து வைப்பார். கடிகாரம் திரும்பி வந்ததும் ஓவர்சியர் ஒத்துப்பார்த்தார். இரண்டு ஜெபத்துக்கு ஒரு நிமிஷம், பிசகவே இல்லை. அவர் கோயிலுக்குப் போகிறவர், நம் ஜெபத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் நோட்டில் ‘ஜெபம்’ என்றே ஒரு பத்தி போட்டு எழுதிவந்தார். முதல் தூண் இடத்து மண் இருபத்தைந்து ஜெபம் தாங்கியது. நல்ல மண்.

இனி சட்டை விஷயத்தைச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் இதைப் படித்தால் ஒரு சட்டைக்கா இவ்வளவு என்பார்கள். எங்கள் ஆட்கள் மேலே துணி போட்டால் மேல்சாதிக்காரர்கள் கிழித்தார்கள், குடை பிடித்தால் பிடுங்கி ஒடித்தார்கள். அது நடந்து மூன்று தலைமுறைகூட ஆகவில்லை. அடிபட்டு, கோர்ட்டுக்குப் போய், சபை கூடிக் கெஞ்சி வாங்கிய சட்டை அது. அதனால் எங்கள் சபையில் ஒரு ஆண்பிள்ளை வெற்றுடம்போடு நாலுபேர் கண்ணில் படுவது குடித்துவிட்டு விழுந்துகிடப்பதைவிடக் கேவலம். ஏசுஅடிமை ஆற்றுக்கு வரும்போதும் வெள்ளைச் சட்டையும் குடையுமாகத்தான் வருவார். சுற்றுமுற்றும் பார்த்து, பாதையில் ஆள் இல்லை என்று தெரிந்த பிறகு சட்டையைக் கழற்றி மடித்துக் கல்லில் வைத்து, இடுப்பில் ஒரு துவர்த்துத் துண்டோடு இறங்குவார். ஏறியவுடன் ஈரத்தின் மேலேயே சட்டை போட்டுக்கொள்வார். ஓவர்சியருக்கு இது வேடிக்கையாக இருக்கும். எனக்கு இப்போதும் சிரிப்பு வரவில்லை.

1926 வைகாசியில் அவர் மகள் பூங்கனியை எனக்குப் பேசினார்கள். நான் அப்போது மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், இருபத்து நாலு வயது, தலையில் கொஞ்சம் கனம். பெண்ணின் தகப்பன் ஆற்றில் முங்கி மண் அள்ளுகிறவன் என்று யாரோ என் அம்மாவின் காதில் ஓதிவிட்டார்கள். அப்படியானால் வேண்டாம் என்றாள் அம்மா. நான் ஒன்றும் சொல்லவில்லை. அதாவது, எனக்கும் வேண்டாம் என்றுதான் இருந்தது. தரகர் போய் விசாரித்தார். மராமத்தில் மேஸ்திரி, வெள்ளைச் சட்டைக்காரர், குடை பிடித்து நின்று வேலை வாங்குகிறவர் என்று பதில் வந்தது. சரி, பெண் பார்க்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருகிறோம் என்று சொல்லி அனுப்பினோம்.

சாயங்காலம் என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே போனோம். அது என் பெரியப்பாவின் சாமர்த்தியம். எதிர்பாராத நேரத்தில் போனால்தான் வீட்டின் லட்சணம் தெரியும் என்பது அவர் எண்ணம். பத்து மணிக்கு எங்கள் வண்டி கைதையாற்றங்கரைக்கு வந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தினோம். ஓவர்சியர் அன்று தக்கலை ஆபீசுக்குப் போயிருந்தார். ஏசுஅடிமை மட்டும் இருந்தார். அவர் செய்ய வேண்டியிருந்தது இரண்டாம் தூண் இடத்தில் முங்கி இரண்டு குழல் மண் எடுப்பதுதான். சட்டையைக் கழற்றப்போன நேரத்தில் வளைவில் வண்டி தெரிந்திருக்கிறது. நாங்கள் இறங்கியபோது அவர் சட்டைப் பொத்தானை எல்லாம் மாட்டி, குடையை விரித்து, ஒரு துரையைப்போல் நின்றுகொண்டிருந்தார். பெரியப்பா என்னைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் என் படிப்பைக் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. கல்லின் மேல் கிடந்த தகரக் குழலை எடுத்து, இது என்ன என்று கேட்டேன்.

“மண்ணுக்க பெலம் பாக்கிய குழலாக்கும் சாரே,” என்றார்.

எப்படி மண் எடுப்பது, காட்டுங்களேன் என்றேன். அவர் ஆற்றைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார். பிறகு வேட்டியைக் கணுக்காலுக்கு மேல் ஏறாமல் பிடித்துக்கொண்டு, கரையோரத்தில் குத்தவைத்து, குயவர்கள் தோண்டுகிற நீலக் களியில் குழலை இறக்கினார். முதல் குழல். பிறகு இரண்டாவது. இரண்டின் வாயையும் மெழுகுத்துணியால் கட்டினார். நான் பக்கத்தில் நின்று, ரொம்ப சாஸ்திரீயமாக இருக்கிறது என்று சொன்னேன். இந்த வார்த்தையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் காது சூடாகிறது.

ஏமாற்ற வேண்டும் என்று அவர் செய்ததில்லை. நாங்கள் போன பிறகு அதைக் கொட்டிவிட்டு, முங்கிச் சரியான மண்ணை எடுத்துவைப்பதாகத்தான் நினைத்திருந்தார். ஆனால் வந்தவர்களை வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. விருந்து, பேச்சு, உறுதி என்று பொழுது சாய்ந்துவிட்டது. விடியுமுன்னே மலையில் மழை. காலையில் ஆறு கலங்கி, கரைக்கு ஒரு முழம் கீழே ஓடியது. இடவப்பாதி தொடங்கிவிட்டதால் இனி ஆவணி வரை யாரும் முங்க முடியாது. கிருஷ்ணமணி வந்து, இரண்டாம் தூண் மண் எடுத்தாயிற்றா என்று கேட்டார். இவர் கையில் இரண்டு குழல் இருந்தது. கொடுத்துவிட்டார். பத்தடி தள்ளிய மண்தானே, எல்லாம் ஒரே ஆறுதானே என்று தன் மனதுக்குச் சொல்லிக்கொண்டாராம். அந்த மண் அறுபது ஜெபம் தாங்கியது. ஓவர்சியருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. முதல் தூணுக்குப் பத்தடி, இரண்டாம் தூணுக்கு ஐந்தடி போதும் என்று எழுதி மேலே அனுப்பினார்.

சொல்வதற்கு இன்னொரு தருணமும் வாய்த்தது. தையில் அஸ்திவாரம் தோண்டினார்கள். இரண்டாம் தூண் குழியில் களி வரவில்லை. சேறும் மணலுமாக வந்தது. கொத்தனுக்குச் சந்தேகம். கிருஷ்ணமணி அப்போது விஷக்காய்ச்சலில் கிடந்தார், ஆகவே ஏசுஅடிமையிடம் வந்து கேட்டான். அது எங்கள் கல்யாண வாரம். பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தவர், மேலே அப்படித்தான் இருக்கும், கீழே களி இருக்கிறது, ஐந்தடியில் நிறுத்திக் கல் போடு என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் மாப்பிள்ளைக் கோட்டு தைக்கக் கொடுத்துவிட்டுத் திரிந்துகொண்டிருந்தேன்.

பாலம் மூன்று மழையைத் தாங்கியது. 1930 ஐப்பசியில், துலா மழையின் மூன்றாம் நாள் மத்தியானம், இரண்டாம் தூண் சாய்ந்து பாலத்தின் பாதி ஆற்றில் இறங்கியது. அந்த நேரத்தில் மேலே ஒரு வண்டி போய்க்கொண்டிருந்தது. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கருவாடு ஏற்றி வந்த சைபுதீன் வண்டி. மாடுகள் இரண்டும் போயின. சைபுதீனை உயிரோடு எடுத்தார்கள். வலது கால் முட்டுக்குக் கீழே நசுங்கிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள். கல்லுக்கு நடுவிலிருந்து அவரைத் தூக்கிக் கரையேற்றியவர்களில் ஏசுஅடிமையும் ஒருவர். சைபுதீன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் சபையில் பரமண்டல ஜெபம் சொல்லும்போது மாமனாரின் உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை என்று என் மாமியார் நேசம்மாள் சொன்னாள்.

விசாரணை வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து பெரிய எஞ்சினியர் ஒருவர் வருகிறார், பழி கிருஷ்ணமணி தலையில்தான் விழப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. முந்தின நாள் சாயங்காலம் மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்தார். பூங்கனியை அடுக்களைக்கு அனுப்பிவிட்டு, நான் மேலே எழுதியதையெல்லாம் என்னிடம் சொன்னார். அதுவரை எனக்குத் தெரியாது. குழல் கரையில் இறங்கியதைக் கண்டவன் நான்தான், அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் விளங்கியது.

“மாப்ள, அந்த மனுசனுக்க வேல போவப்பிடாது,” என்றார். “நான் சொன்னா நம்ப மாட்டாவ. நீங்க கண்ணால கண்டது. வந்து ஒரு வாக்கு சொன்னா போரும்.”

அந்த மாதம் என்னைத் தலைமை வாத்தியாராக்குவது பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. என் மாமனார் கோவணத்தோடு ஆற்றில் முங்குகிறவர், பொய் மண் கொடுத்து ஒருவன் காலைப் போக்கியவர் என்று நானே சபை நடுவில் நின்று சொல்வதா. இதை அப்படியே சொல்லாமல் பூங்கனியின் பேரைச் சொன்னேன். அவள் நாலுபேர் முகத்தில் எப்படி விழிப்பாள், வயிற்றில் பிள்ளை இருக்கிற நேரம், போனது போகட்டும் என்றேன். கோழைகளுக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் எவ்வளவு உதவியாக இருக்கிறார்கள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். கருப்பட்டிக் காப்பியை மிச்சமில்லாமல் குடித்தார். “செரி மாப்ள,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் கரையில் சபையார் முழுக்க இருந்தார்கள். ஆறு இறங்கித் தெளிந்திருந்தது. பெரிய எஞ்சினியர் நாற்காலியில் உட்கார்ந்து கிருஷ்ணமணியின் நோட்டைப் புரட்டினார். ‘ஜெபம் அறுபது’ என்ற இடத்தில் நிறுத்தி, சத்தமாக வாசித்து, இது பாலமா பிரார்த்தனைக் கூட்டமா என்று கேட்டார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

அப்போது ஏசுஅடிமை கூட்டத்திலிருந்து வெளியே வந்தார். நாற்பது வீட்டு ஆண்களும் பெண்களும் பார்த்துக்கொண்டு நிற்க, சட்டையைக் கழற்றினார். வேட்டியையும் அவிழ்த்தார். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நானும் திருப்பிக்கொண்டேன். துவர்த்தோடு போய், விழுந்து கிடந்த தூணின் காலடியில் முங்கி, குழலில் மண்ணோடு வந்தார். சாட்சிக்காகக் கொண்டுவந்து வைத்திருந்த பலகை வாய்க்காலில் அதைத் தானே செருகி, தண்ணீரைத் திறந்துவிட்டு, உங்கள் கடிகாரத்திலேயே பாருங்கள் என்றார். எஞ்சினியர் பார்த்தார். ஒன்றரை நிமிஷம். மூன்று ஜெபம்.

“தூணு நிக்கிய எடத்து மண்ணு இதாக்கும் ஏமானே,” என்றார். “அண்ணைக்கு நான் குடுத்தது கரை மண்ணு. நான் முங்கல்லே. ஓவர்சியருக்க கணக்கில ஒரு தப்பும் இல்ல.”

ஏன் முங்கவில்லை என்று எஞ்சினியர் கேட்டார். கூச்சமாட்டு இருந்தது என்றார் இவர். ஈரம் சொட்ட அந்தக் கோலத்தில் நின்றுகொண்டு கூச்சம் என்றதும் மறுபடியும் சிரிப்பு. எஞ்சினியர் சிரிக்கவில்லை. ஓவர்சியரைக் காப்பாற்ற ஜோடித்துக்கொண்டு வந்த கதையா இது என்றார். வெள்ளம் வந்து போன பிறகு அடிமண் இளகித்தான் இருக்கும், இன்றைய மண் அன்றைய மண்ணுக்குச் சாட்சி ஆகாது என்றார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். நீ கரையில் மண் எடுத்ததை வேறு யாராவது பார்த்தார்களா?

நான் பத்தடி தூரத்தில் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணைக்கூட அசைக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அந்தக் கொஞ்ச நேரம் எனக்காக விடப்பட்டது என்று எனக்குத் தெரியும். என் காலை ஒரு அடி முன்னால் வைத்திருந்தால் போதும்.

“ஆரும் காணல்லே ஏமானே,” என்றார்.

கிருஷ்ணமணியின் வேலை போயிற்று. தக்கலையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். நான் தலைமை வாத்தியார் ஆனேன். என் மாமனாரை மராமத்தில் மறுபடி கூப்பிடவில்லை. 1933இல் புதுப்பாலம் வந்தது. அதற்கு அஸ்திவாரம் ஆழமாகவே போட்டார்கள். அவர் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அடையாளம் போட்ட மூங்கிலோடு போய் முங்கி, தூண்களைச் சுற்றி மண் எத்தனை விரல் இறங்கியிருக்கிறது என்று அளந்துவருவார். யாரும் கேட்டு அல்ல. பட்டப்பகலில், வெற்றுடம்போடு, ஆள் வருகிறதா என்று பார்க்காமல். அளந்ததை ரோட்டு வேலைக்காரர்களிடம் போய்ச் சொல்வார், அவர்கள் தலையாட்டுவார்கள். என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவரைப் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் குசுகுசுப்பார்கள். கூச்சம் அவரிடமிருந்து இறங்கி என்மேல் ஏறிக்கொண்டது. மாதம் ஒருமுறை தேங்காய்ப்பட்டணம் போய் சைபுதீன் வீட்டு ஓலை வேலியைக் கட்டிக்கொடுத்துவிட்டு வருவார் என்பது அவர் இறந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். என்னிடம் அந்த விசாரணையைப் பற்றி ஒரு பேச்சு பேசியதில்லை. முன்போலவே மாப்ள என்று கூப்பிட்டு, முன்போலவே பலாப்பழம் கொண்டுவந்து கொடுத்தார்.

போன வருஷம் ஆடியில் காய்ச்சலில் இறந்தார். அடக்க ஆராதனையில் ஜீவிய சரித்திரம் நான்தான் வாசித்தேன். பிறந்தது, ஞானஸ்நானம், விவாகம், மராமத்தில் மேஸ்திரி உத்தியோகம், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள். ஒன்றரைப் பக்கம். எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது கிருஷ்ணமணி என் பக்கத்தில் வந்தார். தக்கலையிலிருந்து வந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

“சாரே, நீங்க வாசிச்சதுல அந்த விசாரணை வரல்லியே,” என்றார். “எனக்க வேலையக் காப்பாத்த, பழியத் தன் மேல போட்டுப் பொய் சொன்ன மனுசன். அறுபது ஜெபம், இருவத்தஞ்சு ஜெபம்னு மண்ண அளந்து பாத்து அறிஞ்சுகிடலாம்னு நான் நெனச்சதுதான் பைத்தியக்காரத்தனம். அந்த நோட்டையெல்லாம் அடுப்புல போட்டாச்சு. ஆனா அவரு சொன்ன பொய் இருக்கே, அத ஊரு அறியாண்டாமா?”

அன்றைக்கு என் மாமனார் சொன்னது ஒரே ஒரு பொய். யாரும் காணவில்லை என்றது. அது ஓவர்சியருக்காகச் சொன்னதல்ல. உங்கள் அளவு சரி, நான் கண்டேன் என்று இந்த மனிதரிடம் சொல்ல இப்போது எனக்கு ஒரு தடையும் இல்லை; விசாரணையும் இல்லை, சபையும் இல்லை, தலைமை வாத்தியார் வேலையை இனி யாரும் பிடுங்கப்போவதும் இல்லை. பாதையில் நாங்கள் இருவர்தான் இருந்தோம்.

“ஆமா சார்,” என்றேன். “உங்களுக்காகத்தான் சொன்னாவ.”

அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.